கதவு வெச்ச ரூம்

உக்காருங்க, உக்காருங்க. ஆள் வருதுன்னு சொன்னது பழக்கதோஷத்துல சொல்லிட்டேங்க. வர்ற ஆள் வரல. பைய நான் மடியில வெச்சுக்கறேன், நீங்க தாராளமா உக்காருங்க. என்ன, வாசமா இருக்குதா? ரோஜா இதழுங்க. அதுக்கு அடியில சீரியல் லைட்டு ஒரு சுருள் இருக்குது. பயப்படாதீங்க, நான் மந்திரவாதி கெடையாது. ராசிபுரத்துல எறங்கி செங்கோட்டுவேல் பாத்திர வாடகைன்னு கேட்டுப் பாருங்க, சின்னக் கொழந்தகூட கடையக் காட்டும். அந்தச் செங்கோட்டுவேலு நாந்தான்.

நீங்க எதுவரைக்கும்? சேலமா? நல்லதாப் போச்சு. நான் ராசிபுரத்துல எறங்கற வரைக்கும் பேச்சுத்தொணை ஆச்சு. இல்லன்னா இந்த முசிறி ரோட்டுல காவேரியப் பாத்துக்கிட்டே வரணும். நேத்துலருந்து காவேரியப் பாத்தாலே எனக்கு எரிச்சலா இருக்குது. நீங்களே சொல்லுங்க சார், நான் கேக்கறது நியாயமா இல்லையான்னு. ஒரு மனுசன் சம்சாரத்த ஆசையா டவுனுக்குக் கூட்டிட்டுப் போறான், ரூம் எடுக்கறான், பூ வாங்கறான். திரும்பி வரும்போது பக்கத்து சீட்டுல நீங்க உக்காந்திருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களக் கொற சொல்லல.

முந்தாநாள் சாயங்காலம் ஆரம்பிச்சதுங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பார்ட்டி போன் பண்ணுனாங்க. பாத்திரம், பந்தல், மேடை இதெல்லாம் போக சாந்தி முகூர்த்த ரூம் அலங்காரமும் நாந்தான் பண்றேன். கட்டிலச் சுத்தி மல்லிகச் சரம், மெத்த மேல ரோஜா இதழ்ல ஹார்ட்டு, ஹார்ட்டுக்குள்ள ரெண்டு பேரோட மொத எழுத்து. சும்மா சொல்லக் கூடாது, எங்க சுத்துவட்டாரத்துல பாதிச் சனம் நான் போட்ட ஹார்ட்டுல விழுந்துதான் குடும்பத்தையே ஆரம்பிச்சிருக்குது. அன்னைக்கும் போன்ல அந்தப் பொண்ணோட அண்ணங்காரன்கிட்ட நல்லா விளக்கிக்கிட்டு இருந்தேன். ரூமுக்குள்ள நொழைஞ்சதுமே பொண்ணுக்கு மனசு குளுந்துரணும் தம்பி, கதவச் சாத்துனா வெளிய ஒரு ஒலகம் இருக்கறதே மறந்துரணும், அப்படிப் பண்ணித் தரேன்னு.

என் சம்சாரம் கோகிலவாணி கொல்லப்பக்கம் அண்டா வெளக்கிக்கிட்டு இருந்தா. மாரியம்மன் கோயில்ல கூழு ஊத்தப் போயிட்டு வந்த அண்டா, அடிப் பிடிச்சுப் போச்சு. அப்படியே புளிக்கையோட எந்திரிச்சு வந்து நின்னா. நான் போன வெச்சதும் சொன்னா: "கதவச் சாத்தற ஒரு ரூம்ல நான் ஒரு நாள் இருக்கணும். நாளைக்கே."

நாளைக்கேவான்னு கேட்டேன். நாளைக்கேதான், இல்லன்னா ஆத்தூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன், போனா நீங்க வந்து கூப்பிட்டாலும் யோசிச்சுத்தான் வருவேன்னா. நான் தமாசா, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறது புதுப்பொண்ணு, நீ பழைய பொண்ணாச்சேன்னேன். எப்பவும் சிரிக்கறவ சிரிக்கல. பையனும் பொண்ணும் வீட்டுப்பாடத்த விட்டுட்டு அவ மூஞ்சியப் பாக்கறாங்க. எங்கம்மா டிவி சத்தத்தக் கொறைக்குது. எங்கம்மா டிவி சத்தத்தக் கொறைச்சா விசயம் பெருசுன்னு அர்த்தம்.

எனக்கு ஒரு பக்கம் உதறலாத்தான் இருந்துச்சு. இன்னொரு பக்கம் பாத்தா சந்தோசம். ஆசப்பட்டுக் கேக்கறா பாருங்க! இத்தன வருசம் கழிச்சு என்கூட தனியா ஒரு ரூம்ல இருக்கணும்னு ஒரு பொம்பள வாயத் தொறந்து கேக்கறான்னா, அந்தப் புருசன் கொஞ்சம் காலரத் தூக்கி விட்டுக்கலாம்ல? தூக்கி விட்டுக்கிட்டேன்.

வீட்டுல ரூமே இல்லையான்னு நீங்க கேப்பீங்க. இருந்துச்சுங்க. நல்ல ரூம். தொழில் பெருசானதும் பாத்திரம் வைக்க எடம் பத்தல. கொல்லையில வெச்சாத் திருடு போவுது. சரின்னு ரூம்ல அடுக்குனேன். பெரிய அண்டா ஒண்ணு வாங்குனேன், ஒரு கல்யாணத்துக்கே சோறு வடிக்கலாம், அது வாசப்படியில நொழையல. என்ன பண்றது? நிலையோட சேத்துக் கதவப் பேத்து எடுத்துட்டேன். தேக்குக் கதவுங்க, எங்கப்பா காலத்துது. அத வீணாப் போடுவேனா? நாலு காலு அடிச்சு காய் நறுக்கற மேசையா மாத்திட்டேன். நல்லா ஓடுது. சமையக்காரங்க மத்த மேசையெல்லாம் விட்டுட்டு அந்த மேசைதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. நாங்க எல்லாரும் ஹால்ல படுத்துக்கறோம். அம்மா, கொழந்தைங்க, நாங்க, வரிசையா. அதுல என்ன இப்பக் கொறஞ்சு போச்சு.

சரி, எங்க போறது? ஏற்காடு பக்கந்தான். ஆனா மலை ஏறுனா அவளுக்கு வாந்தி வரும், அங்க ரூம் வாடகையக் கேட்டா எனக்கு வரும். அப்பத்தான் திருச்சி தோணுச்சு. எனக்கு ஒரு கணக்குங்க. ஆடி மாசம் கல்யாணம் கெடையாது. கல்யாணம் இல்லன்னா வெளியூர் சொந்தக்காரன் வர மாட்டான். அவன் வரலன்னா லாட்ஜெல்லாம் ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கும். துணிக்கடைக்காரன் மாதிரி லாட்ஜுக்காரனும் ஆடித் தள்ளுபடி குடுத்துத்தான் ஆகணும். நேரா போறோம், பேரம் பேசறோம், சாவிய வாங்கறோம். தொழில் தெரிஞ்சவன் கணக்கு எப்படி?

காலையில எந்திரிச்சுத் தலைக்கு டை அடிச்சேன். நல்ல சட்டை போட்டேன். பஸ்ஸுல ஏறுனா நிக்க எடமில்ல. அத்தன பொம்பளைங்க, கையில தாம்பாளம், காதோலை கருகமணி, காப்பரிசிச் சம்புடம். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. என்னம்மா விசேசம்னு ஒரு அம்மாவக் கேட்டா அது என்னைய ஏற இறங்கப் பாக்குது. ஆடிப் பதினெட்டுங்க! ஆத்துல புதுத் தண்ணி வந்திருக்குது. காவேரி ஓரம் இருக்கற சனம் மொத்தமும் திருச்சிக்குத்தான் போவுது. கல்யாணம் இல்லாத மாசத்துல தேதிய நான் எதுக்குப் பாக்கறேன்? கோகிலாவத் திரும்பிப் பாத்தா, அவ பையில மஞ்சக் கயிறும் பழமும் எட்டிப் பாக்குது. உனக்குத் தெரியுமான்னா, ஏன், உங்களுக்குத் தெரியாதாங்கறா.

சத்திரம் பஸ் ஸ்டாண்டச் சுத்தி ஒரு லாட்ஜு விடல. எல்லா எடத்துலயும் ரூம் இல்ல ரூம் இல்லங்கறான். ஒருத்தன் மொட்ட மாடியில பாய் போட்டுத் தரேன்னான், தலைக்கு இவ்ளோன்னு. கதவு இருக்குதான்னு கோகிலா கேட்டா. மொட்ட மாடிக்கு ஏதும்மா கதவுன்னு அவன் சிரிக்கறான். ஆடித் தள்ளுபடி உண்டான்னு நான் வேற கேட்டுத் தொலைச்சேன். அவன் சிரிச்ச சிரிப்புல வேல செய்யற பையனுங்க ரெண்டு பேரு எட்டிப் பாத்தாங்க.

அவ, மொதல்ல ஆத்துக்குப் போலாம்னா. போனோம். படித்துறையில கால் வைக்க எடமில்ல. அவ தண்ணியத் தலையில தெளிச்சு, பூச பண்ணி, ஒரு சுமங்கலி அம்மா கையால புது மஞ்சக் கயிறு மாத்திக்கிட்டா. பளபளன்னு மஞ்சளா, ஈரமா, நேத்துத் தாலி கட்டுன மாதிரி. அழகாத்தான் இருந்தா, பொய் சொல்லக் கூடாது. நான் பைய வெச்சுக்கிட்டு, செருப்பக் காவல் காத்துக்கிட்டு நின்னேன்.

அப்புறம் செல்போன்ல ரூம் புக் பண்ற ஆப் ஒண்ண எறக்குனேன். அதுல ஒண்ணு கெடைச்சுது, வெல ரொம்பச் சல்லிசு. தம்பதிகளுக்கு உகந்ததுன்னு தமிழ்லயே போட்டிருந்தான். நாமளும் தம்பதிதானன்னு போனா, வரவேற்புல உக்காந்திருந்த பையன் காதுல மாட்டுனத எடுக்கக்கூட இல்ல. எத்தன மணி நேரத்துக்குங்கறான். எனக்குப் புரியல. நானே அண்டாவ நாள் கணக்குக்குத்தான் வாடகைக்கு விடறேன், இவன் ரூம மணிக்கணக்குக்கு விடறான்! அப்பப் பாத்து மாடிப்படியில ஒரு சோடி எறங்குது, அந்தப் புள்ள துப்பட்டாவ மூஞ்சியச் சுத்திக் கட்டியிருக்குது, கண்ணு மட்டும் தெரியுது. நம்ம பொண்ணு வயசுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். கோகிலா எங்கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டா. அங்க மட்டும் கதவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

மத்தியான வெயில் மண்டையப் பொளக்குது. வேர்வையில டை கரைஞ்சு காதோரமா ஒழுகுது. அவ மொகத்தப் பாத்தேன். சண்ட போட்டாக்கூடத் தேவலாம், சண்ட போடல. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாத்துக்கிட்டு, ஆத்தூர் பஸ்ஸு இங்கருந்து போவுதான்னு கேட்டா. பாத்திரம் தொலஞ்சா வாங்கிக்கலாம். இவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எந்த அண்டா எந்த ஊருக்குப் போயிருக்குதுன்னு அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு ஆட்டோக்காரர்தான் புண்ணியம் கட்டிக்கிட்டாரு. பெரிய கடைவீதிக்குப் பின்னால ஒரு சந்துல பழைய லாட்ஜு, ரொம்பக் கண்டிப்பான எடம், குடும்பமா இருந்தா மட்டுந்தான் குடுப்பாங்க, அதனால பாதி நாளு காலியாவே கெடக்கும்னு சொல்லிக் கொண்டாந்து விட்டாரு. மேனேஜர் பேரு அருளானந்தம். வெள்ளச் சட்டை, கழுத்துல ஜெபமாலை, மூக்கு நுனியில கண்ணாடி. ரூம் இருக்குன்னாரு. இருக்குன்னு அந்த வார்த்தையக் கேட்டதும் கோகிலா அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டா.

ஆதார் குடுங்கன்னாரு. குடுத்தோம். பாத்தாரு. எங்களப் பாத்தாரு. திரும்ப ஆதாரப் பாத்தாரு. எங்க ஊருல ஆதாருக்குப் போட்டோ எடுத்தப்ப இவ தலைப்பிரசவத்துக்கு ஆத்தூர்ல இருந்தா. அங்கயே எடுத்துட்டாங்க. இன்னும் அதுல அவங்கப்பா பேருதான், ஆத்தூர் வெலாசந்தான். மாத்திக் குடுங்கன்னு அவ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா, எனக்கு முகூர்த்தம், முகூர்த்தம்னு ஓடவே நேரம் சரியாப் போச்சு. மேனேஜர் என்னத்தப் பாக்கறாரு? வேற வேற ஊரு. பொண்ணுக்கு அப்பா பேரு. கழுத்துல ஈரம் காயாத மஞ்சக் கயிறு. அதுவும் ஆடி மாசம், புதுசாக் கட்டுனவங்கள வீட்டுலயே பிரிச்சு வெச்சிருக்கற மாசம். பக்கத்துல காதோரம் கருப்புத் தண்ணி ஒழுகற ஒரு ஆளு. நானா இருந்தாலும் போலீசுக்குப் போன் பண்ணியிருப்பேன்.

கொழந்தைங்க போட்டோ காட்டுனேன். அது யாரு கொழந்தைங்களோன்னுட்டாரு. கல்யாண போட்டோ இருந்தாக் காட்டுங்கன்னாரு. அதுக்கென்னன்னு செல்போன எடுத்தேன். தள்ளுறேன், தள்ளுறேன், எங்க கல்யாணம் ஒண்ணுகூட இல்ல. அந்த ஆல்பம் பரண் மேல ஜல்லிக்கரண்டிங்களுக்கு அடியில கெடக்குது. செல்போன் பூரா என் தொழில்தான். பூப்போட்ட கட்டிலு. அடுத்தது பூப்போட்ட கட்டிலு. ஒரு கட்டில்ல கே-வும் எஸ்-ஸும், இன்னொண்ணுல எம்-மும் ஆர்-ரும். பாத்திங்களா, இதுல மெழுகுவத்தியெல்லாம் வெச்சேன்னு ஒரு பெருமையில நான் வேற விளக்கிட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுத் திரும்பப் போட்டுக்கிட்டாரு.

"இத்தன ரூமா?"

தொழில் சார், வாரத்துக்கு ரெண்டு மூணு வரும்னேன். அந்த மனுசன் முழி பிதுங்கிருச்சு. கோகிலாவப் பாத்து, பயப்படாம சொல்லும்மா, இந்த ஆளு உன்ன எங்கருந்து கூட்டிட்டு வந்தான்னு மெதுவாக் கேக்கறாரு. அவன்! நேத்து வரைக்கும் ராசிபுரத்துல என்னைய அவன் இவன்னு பேசுன ஆளு கெடையாது. எனக்குச் சுறுசுறுன்னு ஏறிருச்சு, நானும் பதிலுக்குக் கத்த ஆரம்பிச்சேன். ரெண்டு பேரும் பேசறத கோகிலா கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் பையிலருந்து அவ செல்போன எடுத்து, ஒரு நம்பரப் போட்டு, ஸ்பீக்கர்ல மேச மேல வெச்சா. எங்கம்மா எடுத்துச்சு.

"ஏம்புள்ள, போயிச் சேந்திங்களா இல்லையா? எம் மாத்தரைய எங்க வெச்சுத் தொலச்ச? பையன் சோறு வேண்டாங்கறான், அவனுக்கு நானா ஊட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியும்? கோயில்காரங்க ரெண்டு தவலை பத்தலன்னு வந்து நிக்கறாங்க, எதக் குடுக்கறதுன்னு எனக்கென்ன தெரியும்? மாவு புளிச்சுப் பொங்கி வழியுது. ஒரு நாளு ஊரச் சுத்தலன்னா உனக்கு ஆகாதா? அந்தக் கிறுக்கந்தான் கூப்பிட்டான்னா உனக்கு எங்க போச்சு புத்தி?"

இவ, மாத்தர அஞ்சறப் பெட்டிக்குப் பின்னால இருக்குதுங்க அத்தை, தவலை ரூம்ல எடப்பக்கம் மூணாவது அடுக்குல இருக்குதுங்க அத்தைன்னு பதில் சொல்லிக்கிட்டே இருக்கறா. அந்தப் பக்கம் அம்மா நிறுத்தல. மேனேஜர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நெத்தியில இருந்த சுருக்கமெல்லாம் ஒண்ணொண்ணாப் போச்சு. கடைசியில எந்திரிச்சு, பலகையிலருந்து சாவிய எடுத்து, என்கிட்டக் குடுக்கல, அவ கையில குடுத்தாரு.

"போதும்மா, போன வெச்சுருங்க. மாடியில கடைசி ரூம். சத்தமே வராது. போயிப் படுங்க."

ஆதாரு, போட்டோ, தாலி, எதுவும் செல்லல பாருங்க. எங்கம்மா திட்டுனது செல்லுச்சு.

ரூமு சும்மா சொல்லக் கூடாது, சுத்தமா இருந்துச்சு. வெள்ள விரிப்பு. ஃபேனு. சன்னல்ல மலைக்கோட்ட உச்சி தெரியுது. கோகிலா ஒண்ணையும் பாக்கல. கதவுகிட்டப் போயி, சாத்தி, தாப்பாளப் போட்டுப் பாத்தா. எடுத்தா. மறுபடி போட்டா. புதுசா அண்டா வாங்குனா நான் தட்டித் தட்டிப் பாப்பேன்ல, அப்படி. நான் பின்னாலருந்து தோள்ல கைய வெச்சேன். ஏனுங்க, பசிக்குதுங்க, போயிப் பிரியாணி வாங்கிட்டு வர்றீங்களான்னா. அந்த ஏனுங்கவ நீங்க கேட்டிருக்கணும். பறந்தேன். பிரியாணி வாங்குனேன், மார்க்கெட்டுல இந்த ரோஜா இதழ வாங்குனேன். ஆடியில பூ சீரழியுதுங்க, வாங்க ஆளில்ல. சீரியல் லைட்ட ஊர்லருந்தே கொண்டாந்திருந்தேன். ஊருக்கெல்லாம் ரூம் சோடிக்கறவன் சொந்தச் சம்சாரத்துக்குச் சோடிக்கப் போறேன். மாடி ஏறும்போது விசிலடிச்சுக்கிட்டு ஏறுனேன்னா பாத்துக்கங்க.

கதவு உள்தாப்பாள்.

தட்டுனேன். கோகிலான்னேன். செல்போன் அடிச்சேன், உள்ள அடிக்கறது கேக்குது, எடுக்கல. கீழ ஓடுனேன். மேனேஜர் நிதானமா வந்து கதவுல காத வெச்சாரு. எனக்குச் சைகை காட்டுனாரு. நானும் காத வெச்சேன். கொறட்ட சத்தம் சார். என் சம்சாரம் கொறட்ட விடுவான்னு எனக்கு இத்தன வருசமாத் தெரியாது. எனக்குத் தெரியற மாதிரி அவ எப்பத் தூங்குனா? நான் படுக்கும்போது வெளக்கிக்கிட்டு இருப்பா, எந்திரிக்கும்போது வெளக்கிக்கிட்டு இருப்பா.

எழுப்பாதீங்கன்னுட்டாரு அந்த மனுசன். அவரு லாட்ஜு, அவரு சட்டம். பிரியாணியும் ரோஜாவும் நானும் கீழ பெஞ்சுல உக்காந்திருந்தோம். மத்தியானம் போச்சு. வர்றவன் போறவனெல்லாம் என்னையும் பூவையும் பாத்துட்டுப் போறான். மேனேஜர் டீ வாங்கிக் குடுத்தாரு. அவரு சம்சாரம் போயிச் சேந்து நாளாச்சாம். அது தூங்கி நான் பாத்ததில்லீங்கன்னாரு. எதுக்கு என்கிட்ட அதச் சொன்னாருன்னு தெரியல. நானும் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டி வெச்சேன்.

வெளக்கு வெக்கற நேரத்துக்குக் கதவத் தொறந்தா. மூஞ்சியெல்லாம் உப்பி, தலகாணிக் கோடு கன்னத்துல விழுந்து, சின்னப் புள்ளையாட்டம் இருந்தா. ஆறிப்போன பிரியாணிய ஒரு பருக்கை விடாமத் தின்னா. நான் இதுதான் சமயம்னு கட்டில்ல இதழ்ல ஹார்ட்டுப் போட ஆரம்பிச்சேன். ஒரு பக்க வளைவுகூட முடிக்கல. காலையில இத யாரு கூட்டறதுன்னு கேட்டா. லாட்ஜுல கூட்டுவாங்கன்னேன். கூட்டறவளும் ஒரு பொம்பளதான்னு சொல்லிட்டு, ஒவ்வொரு இதழா பொறுக்கிப் பையில போட்டுட்டா. போட்டுட்டு மறுபடி படுத்துத் தூங்கிட்டா. காசு முழுக்கத் தூங்கியே தீத்துட்டா சார். எனக்குக் கட்டில் ஓரத்துல ஒரு மொழம் எடம். நல்லா அல்வா குடுத்துட்டா.

இன்னைக்குக் காலையில நான் கெளம்பிச் சட்டை போட்டு நிக்கறேன், அவ எந்திரிக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். அப்பத்தான் எந்திரிச்சு, சம்மணம் போட்டு உக்காந்து, என் கண்ணப் பாத்துச் சொன்னா:

"நான் வரலைங்க. நீங்க போங்க. நம்ம ரூமக் காலி பண்ணி, கதவ மாட்டி, தாப்பாளப் போட்டுட்டு போன் பண்ணுங்க. அன்னைக்கு வர்றேன். மாட்டலன்னா இங்கருந்து ஆத்தூருக்குப் போயிக்கறேன்."

வெளையாடறாளான்னு பாத்தேன். அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. வெளையாட்டு இல்ல. கொழந்தைங்கன்னேன். உங்க கொழந்தைங்கதானன்னா. அம்மான்னேன். உங்கம்மாதானன்னா. பாத்திரத்த எங்க வைக்கறதுன்னேன். போத்திக்கிட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிட்டா.

கீழ வந்து மேனேஜர்கிட்ட, ஒத்தப் பொம்பளைக்கு ரூம் குடுக்க மாட்டிங்கல்ல சார், நீங்கதான் கண்டிப்பானவராச்சேன்னு ஆசையாக் கேட்டேன். அவரு, நேத்து நீங்க பிரியாணி வாங்கப் போனப்பவே பேசியாச்சுங்க, அந்தம்மா எத்தன நாளு வேணாலும் இருக்கட்டும்னாரு. வாடகையில வேற கொறச்சுக் குடுத்திருக்காரு. என்னங்க கணக்குன்னா, ஆடித் தள்ளுபடியாம்! நான் கேட்டப்ப ஊரே சிரிச்சுது.

இப்பச் சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? கேட்டா, கூட்டிட்டுப் போனேன். ரூம் எடுத்தேன். பூ வாங்குனேன். எவனாச்சும் இப்படிச் செய்வானா? நீங்க செஞ்சிருக்கீங்களா? என்ன சிரிக்கறீங்க. இதப் பாருங்க, பூவுக்கு அடியில, பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன். தாப்பாளுங்க. பித்தள. பெரிய கடைவீதியில வாங்குனேன். கடைக்காரன் இரும்புத் தாப்பாளக் காட்டுனான், சல்லிசுன்னான். என்னமோ தெரியல, பித்தளையே குடுன்னுட்டேன். போட்டு எடுத்துப் பாத்தேன், நேத்து அவ போட்டுப் பாத்த மாதிரியே. சத்தம் நல்லாத்தான் வருது.

அண்டாவ எங்க வைப்பேன்? அதான் யோசன. ஹால்ல வெச்சா அம்மா என்னைய அண்டாவோட சேத்து வெளிய தள்ளும். சரி, தள்ளட்டும், கொல்லையில ஒரு கொட்டாயி போட்டுக்கறேன், திருடு போனாப் போவட்டும். இது நாமக்கல்லா? வந்துருச்சா அதுக்குள்ள? அப்ப ஒரு நிமிசம் இருங்க சார், ஒரு போன் போட்டுக்கறேன். பொழுதோட சொல்லலன்னா ஊர்க் கோயில்ல சமையல ஆரம்பிச்சுருவானுங்க.

மாரப்பா? நாந்தான் செங்கோட்டுவேலு. கோயில்ல சமையலுக்குக் காய் நறுக்கற மேசை ஒண்ணு குடுத்தேன்ல? ஆமா, பெருசு. அது எனக்கு இப்பவே வேணும். பூசணிக்கா நறுக்கறாங்களா? எறக்கிக் கீழ வெச்சு நறுக்கச் சொல்லு. தெரியும்ப்பா, பத்து நாளைக்குப் பேசுனதுதான், இல்லங்கல. வேற ரெண்டு மேசை அனுப்பறேன், காசு வேண்டாம். கால நாலையும் கழட்டிட்டு, நல்லாக் கழுவித் தொடைச்சு வெய்யி. கத்தி பட்ட எடமெல்லாம் எழைக்கணும், ஆசாரிக்கும் ஒரு வார்த்த சொல்லிரு. அட, ஒரு மேசைக்கு எதுக்குடா இத்தன பாடுங்கறியா? மேசை இல்ல மாரப்பா. அது எஞ்சம்சாரத்தோட ரூம் கதவு.